மணலுக்குப் பூட்டிய டயர்

சேற்றில் சிக்கிய நந்தகுமாரின் மீன்பிடி போட்டு இன்னும் பாதித் தூரத்தில் இருந்தது. அதற்குள் டிராக்டரின் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டன. காவேரி ஆக்சிலேட்டரைக் கூட்டிப் பார்த்தாள். சுற்றுவது கூடியதே தவிர வண்டி நகரவில்லை. கறுப்புச் சேறு எகிறி வந்து அவள் முதுகில், கழுத்தில், புடவைமேல் போட்டிருந்த புருஷன் சட்டையில் எல்லாம் அப்பியது.

கரையில் குப்பமே நின்றுகொண்டிருந்தது. புயல் கடந்து மூன்று நாளாகியும் கடலுக்குப் போக வழியில்லாததால், வேடிக்கை பார்க்கிற வேலைக்கு ஆள் நிறைய இருந்தார்கள்.

"இன்னா காவேரி, ஏர் ஓட்டிக்கினு கீறியா? நெல்லு நடணும்னா சொல்லு, நாத்து வாங்கியாரேன்," என்றாள் தேசம்மா. நந்தகுமாரின் பெண்டாட்டி. லூப் ரோட்டில் மீன் விற்கிறவள். அவள் கேலி பேசினால் எதிர்க்கரையில் பெசன்ட் நகரில் நிற்பவனுக்கும் கேட்கும்.

எல்லோரும் சிரித்தார்கள். காவேரியும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, அடையாறு கடலில் விழுகிற முனையில் இருக்கிறது அந்தக் குப்பம். புயல் என்றால் போட்டுகளை மணலில் மேலே இழுத்து ரோட்டோரம் ஏற்றிவிடுவது வழக்கம். இந்த வருஷம் கடல் ரோடு வரைக்கும் ஏறியதால் குப்பத்தில் இருந்த நாலைந்து போட்டுகளையும் ஆற்று வாய்க்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். நல்ல யோசனைதான். புயல் போட்டுகளைத் தொடவே இல்லை. மறுநாள் மேலே ஏரியைத் திறந்துவிட்டதில் ஆறு பொங்கி, ஊர்ச் சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, போட்டுகளைத் தூக்கி மேட்டில் வைத்து, சுற்றிலும் சேற்றைப் பூசிவிட்டு வடிந்துபோனது. அமாவாசை ஏற்றத்தில் தண்ணீர் மேடு வரைக்கும் வரும், போட்டு தானாக மிதக்கும். ஆனால் அமாவாசைக்கு இன்னும் நாள் கிடந்தது. முகத்துவாரம் உடைந்து அகலமாகத் திறந்திருக்கிறது, ஆற்று இறால் கடலுக்கு இறங்குகிற நேரம். பக்கத்துக் குப்பத்துக்காரன் வலை போட்டு அள்ளிக்கொண்டிருக்கிறான். இவர்கள் போட்டு சேற்றில் உட்கார்ந்திருக்கிறது.

மணல் பக்கமிருந்தே நீளக் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தாயிற்று. கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல் நடுவில் கிடந்தது. அதில் உரசிக் கயிறு அறுந்துபோனது. கல்லைச் சுற்றிக்கொண்டு டிராக்டரே சேற்றில் இறங்கினால்தான் உண்டு.

டிராக்டர் குப்பத்துப் பொதுச்சொத்து. கடலிலிருந்து திரும்புகிற போட்டுகளை மணலில் மேலே இழுப்பதுதான் அதற்கு வேலை. ராபர்ட்தான் நெடுநாளாக ஓட்டிக்கொண்டிருந்தான். கோடையில் அவன் வடபழனியில் ஷூட்டிங் ஜெனரேட்டர் வண்டி ஓட்டப் போய்விட்டான். காசிமேட்டிலிருந்து லோடு ஆட்டோவில் மீன் ஏற்றி வந்து பழகிய காவேரியைப் பஞ்சாயத்து கூப்பிட்டது. ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ ஓட்டு என்றது. அன்றிலிருந்து அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள், அவர்களும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீதான் டிரைவர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது ஒரு மாதிரியான இருப்பு. காவேரிக்கு அந்த சீட்டு பிடித்திருந்தது. லோடு ஆட்டோ ஓட்டினாள் என்று பெயர், உண்மையில் எவனோ ஒருத்தனுக்குச் சுமை தூக்கினாள். இங்கே காலையில் அவள் கயிறு மாட்டினால்தான் குப்பத்துக்கு மீன் கரையேறும்.

இறங்கி, மணலில் செய்வதையே செய்தாள். பின்சக்கரம் இரண்டிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினாள். மணலில் வண்டி திணறினால் முதல் வேலை அதுதான். டயர் தட்டையாகி, ஒட்டகக் காலைப் போல அகன்று, மணல்மேல் பரவி நிற்கும். பிறகு மெதுவாகப் போனால் போதும்.

சேற்றில் அது எடுபடவில்லை. தட்டையான டயர் மேல்சேற்றில் மிதந்து, வெண்ணெய்மேல் வைத்த கரண்டி மாதிரி பக்கவாட்டில் வழுக்கியது. வண்டியின் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பியது. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"நிறுத்தும்மா." தேசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் முழங்கால் வரை இறங்கி வந்தார். பஞ்சாயத்துத் தலைவர். கடல் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண். "வண்டிய ஆத்துல உட்றாத. நா பொக்லைன் காரனுக்குச் சொல்லிக்கீறேன். மதியம் வந்துருவான்."

"பொக்லைனா? போன தபா அது இஸ்த்ததுல ஒரு போட்டோட மூஞ்சி பிச்சிக்கினு வந்துச்சே நைனா."

"இன்னா பண்றது. இறால் ஒனக்காவ நிக்குமா?" தேசப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவனோட டிரைவரு ஒருத்தன் கீறானாம். டிராக்டரும் ஓட்டுவானாம். நம்ம வண்டியையும் பாத்துக்கட்டும்னு பேசிக்கினு கீறாங்க."

பேசிக்கொண்டிருப்பது யார் என்று காவேரி கேட்கவில்லை. தலைவர் அப்படிச் சொன்னால் பேசியது அவர்தான்.

"மதியம் வரைக்கும் டைம் கீதுல்ல?" என்றாள்.

"கீது."

அவர் போனதும் வண்டியை வெளியே எடுக்க ரிவர்ஸ் போட்டாள். புதைந்தால் தள்ள ஆள் கூப்பிட வேண்டியிருக்கும், தேசம்மா அதற்கும் ஒன்று சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டே கிளட்சை விட்டாள். வண்டி தடங்கல் இல்லாமல் பின்னால் வந்தது. சுற்றவில்லை, வழுக்கவில்லை. அவ்வளவு நேரம் அடம்பிடித்த வண்டி கைப்பிள்ளை மாதிரி வந்தது.

கல்லோரம் வந்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் முன்பு டயர் மொழுக்கென்று கொழுக்கட்டை மாதிரி இருந்தது. டயரில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவில் இருந்த பள்ளமெல்லாம் சேற்றால் அடைத்துக்கொண்டு, டயர் எது சேறு எது என்று தெரியாமல் இருந்தது. இப்போது சேறு உதிர்ந்து ரப்பர் பளபளவென்று தெரிந்தது.

"வந்த தடத்துலயே போனா வரத்தான செய்யும்," என்றான் நந்தகுமார். போட்டுக்காரன். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடாத முகம்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் காவேரி வண்டியை ஒதுக்கி, யாரும் கால் வைக்காத சேற்றில் பின்பக்கமாகவே இறக்கினாள். போயிற்று. முன்னால் வந்தாள். சக்கரம் சுற்றி நின்றது. மறுபடி பின்னால் போனாள். போயிற்று.

"இதோ பாருடா, பின்னால போற டிராக்டரு," என்றாள் தேசம்மா. ஆனால் இந்தத் தடவை குரலில் கேலி குறைவாக இருந்தது.

"அப்ப ரிவர்ஸ்லயே இஸ்த்துரு," என்றான் நந்தகுமார்.

"கயிறு வண்டி மூஞ்சில கட்டணும். பாரம் ஃபுல்லா முன்சக்கரத்துமேல வந்து மூக்கக் குத்திக்கும். அது சின்ன சக்கரம், தாங்காது." சொல்லிக்கொண்டே அவள் இறங்கி டயரின் பக்கவாட்டுச் சேற்றைக் கையால் வழித்தாள். ரப்பரில் ஒரு அம்புக்குறி அச்சடித்திருந்தது. வண்டி முன்னே போனால் டயர் எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று காட்டுகிற அம்பு. அது பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

ஆறு மாதமாக ஓட்டுகிறாள். ஒருநாள் கூட அதை அவள் கவனித்ததில்லை. தன்மேலேயே எரிச்சல் வந்தது. ராபர்ட்டுக்குப் போன் போட்டாள். அவன் பின்னால் ஷூட்டிங்கில் யாரோ மைக்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராபர்ட்டண்ணா, டயரு ரெண்டும் திருப்பி மாட்டிக்கீது. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? நாந்தான் மாட்டுனேன். நேரா மாட்டுனா அந்தக் கட்டை மணல அள்ளி அள்ளிக் குழி பறிக்கும். வண்டி உள்ள போயிரும். திருப்பி மாட்டுனா மணல நடுவுல சேத்து அமுக்கிக்கினே போவும். எத்தினி வருசமா ஓடுது, இன்னா பிரச்சன இப்ப?"

"சேத்துல எறக்கிக்கீறேன்."

"சேத்துலயா? நா எங்க சேத்துல எறங்குனேன்," என்றான் ராபர்ட். "அது சேத்தையும் அதே மாதிரி நடுவுல சேத்துக்குமே."

"அதான் சேத்துக்கினு கீது."

"மாத்தப் போறியா? மாத்துனா மணல்ல மாட்டிக்குவ காவேரி. அப்பறம் என்னத் திட்டாத."

மணலில் இருபது வருஷம் பிழைத்தவர்களின் புத்தி அது. மணலுக்கு எது சரியோ அதைச் செய்து, அதுதான் டயர் என்று நினைத்து, மறந்தும் போனார்கள். மோசமான வேலை என்று சொல்ல முடியாது. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுவோம் என்று ஒரு சவுக்குக் கழியை எடுத்துச் சேற்றில் பல இடத்தில் குத்திப் பார்த்தாள். முழங்கால் ஆழத்தில் எல்லா இடத்திலும் ணங்கென்று நின்றது. எப்போதோ வீடு இடித்துக் கொட்டிய செங்கல்லும் ஜல்லியும் அடியில் கிடந்தன. மேலே மட்டும்தான் கூழ். அப்படியானால் மிதந்துபோக வேண்டியதில்லை. டயர் கூழை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொடவேண்டும். காற்றைப் பிடுங்கியது அடுத்த தப்பு. அடித்தரை இல்லாத சேறாக இருந்திருந்தால் பிடுங்கியது சரி. இங்கே இல்லை.

தேசப்பனிடம் போய் நின்றாள். "சக்கரத்த மாத்தணும் நைனா. இந்தப் பக்கத்துது அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துது இந்தப் பக்கம். காத்தும் ரொப்பணும்."

"மாத்திட்டு? சேத்துலேர்ந்து போட்ட இஸ்த்துக்கினு மணல்லதான வரணும்? அங்க பொதைஞ்சா?"

"பொதைஞ்சா ஒங்க பொக்லைன் வந்து என்னியும் சேத்துத் தூக்கட்டும்."

சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. "உன் பொறுப்பு," என்றார். அனுமதியா மிரட்டலா என்று தெரியவில்லை. அவள் அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போன் போட்டதும், மந்தைவெளியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தௌசீஃப், காற்றடிக்கும் மெஷினையும் பெரிய ஜாக்கியையும் ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்ததும் டயரைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"எந்தப் புண்ணியவான் மாட்டுனது இது?"

"அது ஒரு கதை பாய். கய்ட்டு மொதல்ல."

"கய்ட்டு கய்ட்டுன்னா? இது இன்னா ஸ்கூட்டியா? ஜாக்கி நிக்க கெட்டித் தரை வோணும். பலகை கொண்டா. அப்பறம் நாலு தடியன் வோணும், சக்கரத்தப் புடிக்க."

கட்டுமரப் பலகை வந்தது. தடியன்களுக்குப் பஞ்சமில்லை. நட்டுகள் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தன. தௌசீஃப் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்தான். ஒவ்வொரு நட்டும் முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. இரண்டு சக்கரமும் பக்கம் மாறின. காவேரி அம்புக்குறியைக் கையால் துடைத்துப் பார்த்தாள். இப்போது முன்னால் பார்த்தது.

"காத்து எவ்ளோ?" என்றான் தௌசீஃப்.

"நல்லா விண்ணுன்னு."

"விண்ணுன்னு வச்சா வெடிக்கும். நா சொல்ற அளவு வெச்சிக்க."

"சரி பாய், நீ சொல்ற விண்ணு."

மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் பொக்லைன்காரன் அடையாறு பாலத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.

காவேரி இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டியிருந்த கொக்கியைத் தட்டிவிட்டாள். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒன்று. மணலில் இரண்டையும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். மெதுவாக ஓடுகிற சின்ன கியர் வரிசையில் இரண்டாவதைப் போட்டாள். முன்பு போன தடம் கலங்கிக் கஞ்சியாகக் கிடந்தது. அதைவிட்டு ஒதுங்கிப் புதுச் சேற்றில் இறங்கினாள். கிளட்சைத் தொடவில்லை, ஆக்சிலேட்டரைக் கூட்டவில்லை, நிற்கவில்லை. நின்றால் மறுபடி கிளம்புகிற அந்த ஒரு உதைப்பில்தான் சக்கரம் சுற்றும் என்பது காலையில் புரிந்திருந்தது.

சக்கரம் கூழைப் பிளந்து இறங்கியது. இறங்குகிறதே, புதைகிறதே என்று நினைத்தாள். அப்புறம் அடியில் ஜல்லி நெரிகிற சத்தம் கேட்டது. நறநறவென்று பல் கடிப்பது மாதிரி. சேறு கட்டைகளிலிருந்து இரண்டு பக்கமும் பிதுங்கி விழ, வண்டி நிதானமாக முன்னால் போனது.

போட்டைத் தாண்டி அகலமாக வளைத்து, முகம் மணல் பக்கம் பார்க்க நிறுத்தினாள். நந்தகுமாரும் இன்னும் சிலரும் இடுப்பளவு சேறாகிப் போட்டைச் சுற்றி நின்றார்கள். கயிறு மாட்டினார்கள்.

"நேரா இஸ்க்க மாட்டேன்," என்று கத்தினாள். "சேறு போட்டக் கவ்விக்கினு கீது. கொஞ்சம் கோணலா இஸ்ப்பேன். நீங்க அப்பிடியும் இப்பிடியும் ஆட்டுங்க. கயிறு வெறப்பானதும் ஒதுங்கிக்குங்க. அறுந்தா காலு போயிரும்."

கயிற்றின் தொய்வு மெல்ல மெல்ல எழுந்தது. வெடுக்கென்று இழுக்கவில்லை. கயிறு கம்பி மாதிரி ஆகி, தண்ணீரைச் சொட்டியது. போட்டு அசையவில்லை. இடது சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அந்த இடத்தில் அடியில் செங்கல் இல்லை போலிருக்கிறது. வலது சக்கரம் சும்மா நின்றது. இஞ்சின் பலமெல்லாம் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சு," என்றான் ஒருத்தன்.

காவேரி இடது பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்தினாள். சுற்றுவது தணிந்து பலம் மறுபக்கம் பாய்ந்தது. வலது சக்கரம் ஒருமுறை உதறிக்கொண்டு ஜல்லியைப் பிடித்தது. வண்டியே ஒரு பக்கம் தோளைக் கொடுத்து நெம்புவது மாதிரி சாய்ந்தது. கட்டையில் அடைத்திருந்த சேற்றை உதற ஒரு நொடி ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கினாள். ஆட்கள் போட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். அடியில் காற்றுப் புகுந்து, எருமை காலைப் பிடுங்குகிற மாதிரி ஒரு பெரிய சத்தம் வந்தது.

போட்டு நகர்ந்தது.

"உடாத, உடாத," என்று தேசம்மா கரையில் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "அப்பிடியே வா கண்ணு. நிறுத்திராத."

நிறுத்துகிற எண்ணம் காவேரிக்குக் கொஞ்சமும் இல்லை. கல்லைச் சுற்றி, சேற்றில் ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டு போட்டு அவள் பின்னால் வழுக்கி வந்தது. மணல் விளிம்பு வந்ததும் நிறுத்தி, தானே இறங்கிக் காற்றைப் பாதிக்குப் பிடுங்கினாள். தேசப்பன் பக்கத்திலேயே வந்து நின்று பார்த்தார். ராபர்ட் சொன்னது போலவே மணலில் டயர் குழி பறித்தது. ஒரு தடவை அச்சு வரைக்கும் இறங்கி, அவள் பின்னால் எடுத்து, பலகை போட்டு, மறுபடி முன்னால் வரவேண்டியிருந்தது. அழகாக வந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வந்தாள். போட்டின் மூக்கு கடல் தண்ணீரைத் தொட்டபோது நந்தகுமார் இஞ்சினைத் தூக்கிவர வீட்டுக்கு ஓடினான்.

பொக்லைன் ரோட்டில் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, வேலை கீதா இல்லியா?" என்றான். தேசப்பன் கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னார். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திருப்பினான்.

காவேரி டயரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். தேசப்பன் வந்து எதிரே குந்தினார்.

"மணல்ல குழி பறிக்குது," என்றார்.

"பறிக்கும். ராபர்ட்டு சொன்னது தப்பில்ல." வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னொரு ஜோடி சக்கரம் வோணும் நைனா. பழசு போதும். புதுப்பேட்டைல கெடைக்கும். மணலுக்கு ஒண்ணு, சேத்துக்கு ஒண்ணு. இனிமே புயலுன்னா போட்டெல்லாம் ஆத்துக்குள்ளதான போவப் போவுது."

"ஒனக்குச் சக்கரம், அவனுக்கு வலை, இவனுக்கு எஞ்சினு. பஞ்சாயத்து இன்னா நோட்டு அடிக்குதா?"

"நல்ல டயரு கேக்கல. ரிம்மு கூட தௌசீஃப் பாய் பாத்துத் தருவாரு."

"என்ன இழுக்காத," என்றான் தௌசீஃப், ஜாக்கியைத் துடைத்துக்கொண்டே. "பாத்துத் தரேன், ஆனா என்ன இழுக்காத."

தேசப்பன் மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டார். "இத எங்கிட்ட கேட்டா? ஞாயித்துக்கிழம பஞ்சாயத்துல வந்து கேளு."

"பொம்பளைங்க யாரு அங்க வந்துக்கீறாங்க?"

"டிராக்டரு ஓட்டறவங்க மாசாமாசம் வந்து வண்டி நெலம சொல்லணும். ராபர்ட்டு வரல? டீசலு எவ்ளோ, ரிப்பேரு இன்னான்னு. நீ ஆறு மாசமா வராதது ஒன் தப்பு." எழுந்து வேட்டியை உதறினார். "முன்னாடியே வந்துரு. டீ போட்ருவாங்க."

அவர் பத்து அடி போனதும் காவேரி, "மணலுக்குக் காத்து, சேத்துக்குக் காத்து, அதுக்கு ஒரு மெஷினும் கேப்பேன்," என்றாள். அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"ஏம்மே, ஒக்காந்துட்டியா?" தேசம்மா தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "துன்னுட்டுக் கெளம்பு. இன்னும் நாலு போட்டு கீது. ஒம்மாமியாரு மாதிரி மெதுவா மெல்லாத."

காவேரி சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். குழம்பு உறைப்பாக இருந்தது. அடுத்த போட்டு இன்னும் உள்ளே, ஆறு வளைகிற இடத்தில் கிடந்தது. அங்கே அடியில் கல் இருக்குமா இல்லையா என்று தெரியாது. சாப்பிட்ட கையைக் கழுவாமலே இடது கையால் சவுக்குக் கழியை எடுத்துக்கொண்டு குத்திப் பார்க்க இறங்கினாள். நந்தகுமார் இஞ்சினை மாட்டுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு கழியை எடுத்துக்கொண்டு அவள் கூடவே இறங்கினான்.